குணமாகுமா என்று தேடியவர்கள்

என் கணவர் இறந்து ஒன்றரை வருடம் கழித்து நான் ஒரு புத்தகம் போட்டேன். எந்தப் பதிப்பகமும் அதை வெளியிடவில்லை. மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார்; உருக்கமாக இருக்கிறது, ஆனால் விற்காது என்றார். அதனால் நானே கோப்பைத் தயார் செய்து, நானே அட்டை வடிவமைத்து, இணையக் கடை ஒன்றில் ஏற்றினேன். யாராவது கேட்டால் ஒரு பிரதி அச்சடித்து அனுப்புவார்கள். கேட்காவிட்டால் அப்படியே கிடக்கும்.

நான் அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு தனியார் பள்ளியில் அலுவலக எழுத்தர். மாற்றுச் சான்றிதழ், வருகைப் பதிவு, பெற்றோருக்குச் சுற்றறிக்கை, இவைதான் என் எழுத்து. கணவர் லாரி ஓட்டினார். பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு சென்னைக்கும் கொச்சிக்கும் போவார். நாற்பத்தாறாவது வயதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான்கு மாதம், வாரம் மூன்று நாள் தர்மபுரிக்கு டவுன் பஸ்ஸில் டயாலிசிஸுக்குப் போய் வந்தோம். செவ்வாய், வியாழன், சனி. மதியம் பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனால் நான்கு மணிக்கு வெளியே வருவார். பள்ளியில் அந்த நாட்களில் என்னைப் பதினொரு மணிக்கு விட்டுவிடுவார்கள். மிச்ச வேலையை ஞாயிற்றுக்கிழமை போய் முடிப்பேன்.

அந்த நான்கு மணி நேரமும் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுவேன். என்ன சாப்பிட்டார், எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார், எந்த ஊசி எங்கே வீங்கியது என்று டாக்டரிடம் சொல்வதற்காகத்தான் ஆரம்பித்தேன். அப்புறம் மற்றதெல்லாம் அதில் வந்து சேர்ந்தது. ஆயுள் முழுக்கத் தக்காளி ஏற்றிய மனிதருக்குத் தக்காளி கூடாது என்று சொல்லிவிட்டார்கள். களி இல்லாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. அதையும் குறைக்கச் சொன்னார்கள். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அது கரையும்வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதையெல்லாம் எழுதினேன். புத்தகத்துக்கு 'செவ்வாய் வியாழன் சனி' என்றே பெயர் வைத்தேன். அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

முதல் மாதத்தில் பதினொரு பிரதி போயிற்று. ஓசூரில் இருக்கும் என் மகள் நான்கு வாங்கினாள். மீதியெல்லாம் சொந்தக்காரர்களும் பள்ளியில் உடன் வேலை செய்பவர்களும். அதற்குப் பிறகு ஒன்றும் போகவில்லை. கடைக்காரர்கள் கொடுத்த பக்கத்தில் விற்பனையைக் காட்ட ஒரு கோடு இருக்கும். நான்கு மாதம் அந்தக் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. காலையில் அலுவலகக் கணினியைத் திறந்ததும் முதலில் அதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு மூடுவேன்.

எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட நான்கைந்து வயது சின்னவர். தர்மபுரி டவுனில் வீடு. கணவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். என் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி, முழுக்கப் படித்துவிட்டு, மறுநாள் என் மேசைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர் மட்டும்தான். ஒரு நாள் நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். கடையின் தேடல் பெட்டியில் என் புத்தகத்தின் பெயரை அடித்துப் பார்த்தார்.

செவ்வாய் தோஷப் பரிகாரம் வந்தது. சனிப்பெயர்ச்சிப் பலன்கள் நான்கைந்து வந்தன. வியாழக்கிழமை விரதமுறை வந்தது. பஞ்சாங்கங்கள் வந்தன. ஐந்தாவது பக்கம்வரை தள்ளியும் என் புத்தகம் வரவில்லை.

டீச்சர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பெயரை இனி மாற்ற முடியாது என்றும், ஆனால் தேடல் சொற்களை மாற்றலாம் என்றும் அவர்தான் சொன்னார். புத்தகத்தை ஏற்றும்போது ஏழு சிறிய பெட்டிகள் வந்திருந்தன. வாசகர் எந்தச் சொல்லைத் தேடினால் இந்தப் புத்தகம் கண்ணில் பட வேண்டுமோ அந்தச் சொல்லை அதில் போட வேண்டும். நான் என்ன ஏது என்று தெரியாமல் 'நினைவுக் குறிப்பு', 'இல்லறம்', 'மனைவியின் அனுபவம்' என்று நிரப்பி வைத்திருந்தேன்.

"இல்லறம்னு யாருக்கா டைப் பண்ணித் தேடுவாங்க?" என்றார் டீச்சர். "வூட்ல ஒருத்தருக்கு கிட்னி போயிருச்சுன்னா, அவங்க போனை எடுத்து என்னா கேப்பாங்க? அதைப் போடுங்க. தப்பும் தவறுமா டைப் பண்ணுவாங்க பாருங்க, அதையும் போடுங்க. எழுத்துப்பிழை விடறவங்களும் படிக்கிறவங்கதானே."

என்ன கேட்பார்கள் என்று யோசிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நானே கேட்டவள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல போன். அவருக்கும் எனக்கும் பொது. அதில் என்னென்ன தேடினோம் என்பதெல்லாம் நாள், நேரத்தோடு பதிவாகியிருக்கும், இப்போதும் எடுக்கலாம் என்று டீச்சர் எடுத்துக் காட்டினார். பெல் அடித்தது. அவர் வகுப்புக்குப் போய்விட்டார். நான் உட்கார்ந்து இரண்டு வருடத்தைக் கீழிருந்து மேலாகப் படித்தேன்.

கிரியேட்டினின் குறைய என்ன சாப்பிட வேண்டும். கிட்னி மறுபடியும் வேலை செய்யுமா. டயாலிசிஸ் எத்தனை வருடம். டயாலிசிஸ் இல்லாமல் குணமாகுமா. மூக்கிரட்டைக் கீரை கிட்னிக்கு நல்லதா. கால் வீக்கம் வடிய. மறுபடியும், குணமாகுமா. அடுத்த வாரம், குணமாகுமா. என் மனது எங்கெங்கே ஓடியது என்று எனக்கே மறந்துபோயிருந்தது. போனுக்கு மறக்கவில்லை. இடையிடையே அவருடையதும் இருந்தன. பழைய லாரி விலை, கிரிக்கெட் ஸ்கோர், தொப்பூர் கணவாயில் விபத்து.

அவற்றுக்கு நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு, ஒரு வரி இருந்தது.

'டயாலிசிஸ் நிருத்தினால் வலிக்குமா.'

நான் அப்படி எழுத மாட்டேன். இருபது வருடமாகப் பிள்ளைகளின் பெயரைக்கூடப் பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பவள் நான். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அதோடு இரண்டு பத்துக்கு அவர் உள்ளே படுக்கையில் இருப்பார். இடது கையில் ஊசி. வலது கையில் போன். கிரிக்கெட் பார்க்கட்டும் என்று நான்தான் கொடுத்துவிட்டு வெளியே வந்து உட்காருவேன்.

அந்தத் தேதிக்கு என் நோட்டில் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அறுபத்தெட்டாம் பக்கம். 'இன்று உற்சாகமாக இருந்தார். மேட்ச் பார்த்தார். மாங்காய் சீசன் முடிவதற்குள் ஒரு லோடாவது அடித்துவிட வேண்டும் என்றார்.' சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் இந்தப் பக்கம் நான் இதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். புத்தகம் முழுக்க அவர் கடைசிவரை பிழைக்க ஆசைப்பட்டார் என்றுதான் எழுதியிருந்தேன். அதை நம்பித்தான் எழுதினேன்.

அன்று சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு டீச்சர் வந்து, தேடிய சொற்களை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டார். அந்த வரியைப் பற்றி நான் சொல்லவில்லை. மற்றவற்றைச் சொன்னேன். இருவருமாக ஏழு பெட்டிகளையும் நிரப்பினோம். 'டயாலிசிஸ் குணமாகுமா' என்பதை அடிக்கும்போது என் கை தயங்கியது. இந்தப் புத்தகத்தில் யாரும் குணமாகவில்லையே என்றேன்.

"நீங்க கேட்ட கேள்விதானேக்கா. புத்தகத்துல பத்து எடத்துல அந்தக் கேள்வி வருது. பொய் ஒண்ணும் போடலையே நாம."

அது சரியாகத்தான் பட்டது. போட்டுவிட்டேன்.

இரண்டு வாரத்தில் அந்தக் கோடு எழுந்தது. ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் மூன்று, அப்புறம் ஒரே நாளில் இரண்டு. யாரென்றே தெரியாதவர்கள் என் புத்தகத்தை வாங்கினார்கள். டீச்சர் கேசரி செய்து டப்பாவில் கொண்டுவந்தார். சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் அது பொய். எனக்கு அப்போது ஐம்பது வயது. என் எழுத்தை ஊர் பேர் தெரியாத ஒருவர் படிக்கிறார் என்பது எனக்கு நடக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பஸ்ஸில் போகும்போது யாராவது கையில் புத்தகம் வைத்திருந்தால் எட்டிப் பார்ப்பேன். அவ்வளவு பைத்தியமாக இருந்தேன்.

புத்தகத்தின் முதல் பக்கத்தின் பின்புறம் என் போன் நம்பரைப் போட்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து அதைப் பார்த்து ஒருவர் கூப்பிட்டார். மதிய உணவு இடைவேளை. பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரைச் சொன்னார். கொஞ்சம் நிலம், ஆடு இருக்கிறதாம். மனைவிக்கு ஏழு மாதமாக டயாலிசிஸ். மகள் போனில் தேடி இந்தப் புத்தகத்தை வரவழைத்துக் கொடுத்திருக்கிறாள். தினமும் சாப்பிட்ட பிறகு இவர் இரண்டு மூன்று பக்கம் சத்தமாகப் படிப்பாராம், மனைவி படுத்துக்கொண்டு கேட்பாராம். ஐஸ் கட்டியைப் பற்றி வருகிற இடத்தில் அந்த அம்மா சிரித்தாராம், தானும் அப்படித்தான் என்று. லாரிக்காரர் என்ன ஆனார் என்று தினமும் கேட்கிறாராம்.

 இதற்காகத்தான் எழுதினோம் என்று நினைத்தேன். அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் முன்னாடியே கடைசி வரைக்கும் படிச்சுட்டேனுங்க. அவளுக்கு இன்னும் படிச்சுக் காட்டல. குணமாவுமான்னு போட்டுத் தேடுனதுக்கு இது வந்துச்சுன்னு எம் பொண்ணு சொல்லுச்சுங்க. அதனால குணமாயிருப்பாருன்னுதான் நெனச்சு ஆரம்பிச்சோம். இப்போ கடைசியில என்னாச்சுன்னு கேக்குறா. நான் என்னாங்க சொல்லட்டும்?"

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. வழி கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை.

"நல்லா இருக்காருன்னு சொல்லிடுங்க" என்றேன்.

 அவர் சரிங்க என்று வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து அதே நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. இந்த முறை பெண் குரல். மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் தெளிவாகப் பேசினார். என் சமையலைப் பற்றி, உப்பில்லாமல் குழம்பு வைத்ததைப் பற்றி, புத்தகத்தில் நான் எழுதியிருந்த ஒவ்வொன்றையும் நினைவு வைத்துச் சொன்னார். எந்த வாசகரும், டீச்சர்கூட, அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. பிறகு, அண்ணன் இருந்தால் கொடுங்கள், ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார்.

லோடுக்குப் போயிருக்கிறார் என்றேன். அந்த வார்த்தை எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அது இருபத்திரண்டு வருடம் நான் போனில் சொல்லிப் பழகிய பதில்.

"லோடுக்குப் போறாராங்க?" என்றார் அந்த அம்மா. குரல் சட்டென்று மேலே ஏறிவிட்டது. "அப்போ மிஷினு வெக்கிறதை நிறுத்திட்டாருங்களா? அது இல்லாமயே இருக்காருங்களா?"

அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. இவர் என் பொய்யை நம்பி அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டால்? அலுவலக அறையில் இரண்டு பெற்றோர் மாற்றுச் சான்றிதழுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் போனோடு வெளியே மைதானத்துக்குப் போனேன்.

"நிறுத்தாதீங்கம்மா. எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாதீங்க. நான் பொய் சொல்லிட்டேன். அவர் இல்லைங்க. போயி ரெண்டு வருசம் ஆச்சு."

அந்தப் பக்கம் எங்கோ ஆடு கத்தியது. அவர் அழவில்லை.

"நெனச்சேனுங்க" என்றார். "இவரு கடைசியில பத்துப் பக்கத்தை ஒண்ணாப் புரட்டிட்டு, அவ்ளோதான் முடிஞ்சுதுன்னாரு. இவருக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார். "கடைசியில வலிச்சுதுங்களா அவருக்கு?"

தெரியாது என்பதுதான் பதில். என் கணவர் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, டி.வி. முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்தார். நான் பள்ளியில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்த பிறகுதான் ஓடினேன். புத்தகத்தில் 'அமைதியாகப் போய்விட்டார்' என்று எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்க்காமல் எழுதிய வரி அது. போனில் அவர் தேடியிருந்ததும் இதே கேள்விதான். அதை அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியும். மாங்காய் சீசனைப் பற்றி ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றியிருப்பேன்.

"எனக்குத் தெரியலைங்கம்மா" என்றேன். "நான் பக்கத்துல இல்லை."

"சரிங்க" என்றார். அமைதியாகப் போனார் என்று புத்தகத்தில் இருக்கிறது எனச் சொல்லி ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். எதற்கு நன்றி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அன்று டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் கணவர் தேடிய அந்த ஒரு வரியையும் சேர்த்து. டீச்சர் அழுதுவிட்டார். ஆனாலும் சொற்களை எடுக்க வேண்டாம் என்றார். எடுத்துவிட்டால் புத்தகம் பழையபடி யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடும் என்றார். அந்த அம்மா தினமும் அவ்வளவு ஆசையாகக் கேட்டாரே, அது ஒன்றுமில்லையா என்று கேட்டார்.

"கேள்வியைப் போட்டுக் கூப்பிட்டுட்டு, உள்ள வந்தவங்களுக்குச் சாவைக் காட்டுறேன் டீச்சர். அதான் நான் பண்ணுறது."

 நான் ஒவ்வொரு பெட்டியாகக் காலி செய்தேன். குணமாகுமாவை எடுத்தேன். கிட்னி மறுபடியும் வேலை செய்யுமாவை எடுத்தேன். அதற்குப் பதிலாக 'டயாலிசிஸ் நோயாளி மரணம்', 'கணவரை இழந்தவர்' என்று உள்ளது உள்ளபடி போட்டேன். கடைசிப் பெட்டியில் என் கணவர் தேடிய வரியை, அந்தப் பிழையோடு அடித்தேன். அப்படித் தேடுகிற ஒருவருக்கு என் புத்தகம் கிடைத்தால், அதில் அவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? ஒரு பக்கமும் இல்லை. அதையும் அழித்தேன். அந்தப் பெட்டி இப்போதும் காலியாகத்தான் இருக்கிறது.

சொற்களை மாற்றிய மூன்றாம் வாரத்தில் கோடு தரைக்கு வந்துவிட்டது. கணவனை இழந்தவர்கள் யாரும் அப்படித் தேடிப் புத்தகம் வாங்குவதில்லை போலிருக்கிறது. நானும் தேடியதில்லை. முடிந்த பிறகு தேடுவதற்கு என்ன இருக்கிறது?

புத்தகத்தைத் திருத்தி மறுபடி ஏற்றலாம் என்றும் முயன்றேன். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி ஒரு அத்தியாயம். கோடை விடுமுறையில் பள்ளி காலியாக இருக்கும். தினமும் போய் அலுவலகத்தில் உட்கார்ந்தேன். 'அன்று அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது' என்று ஒரு வரி எழுதுவேன். அதற்கு மேல் என்ன எழுதினாலும் அது நானாக அவர் வாயில் திணிக்கும் சொல்லாக இருந்தது. பன்னிரண்டு முறை எழுதி அழித்தேன். அறுபத்தெட்டாம் பக்கத்தில் உற்சாகமாக இருந்தார் என்ற வரியை மட்டும் எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அதை எடுத்தால் அதுபோல இன்னும் நாற்பது வரியை எடுக்க வேண்டியிருந்தது.

ஜூன் மாதம் பென்னாகரத்துக்காரர் கூப்பிட்டார். மனைவி போய்விட்டார் என்றார். எந்த நாளும் டயாலிசிஸைத் தவறவிடவில்லையாம். அதை அவராகவே சொன்னார், நான் அதைத்தான் கேட்பேன் என்று தெரிந்த மாதிரி. நானும் அதைத்தான் கேட்க இருந்தேன். வலித்ததா என்று கேட்கத் துணிவு வரவில்லை.

"அந்தப் புஸ்தகத்தை அவ தலைமாட்டுலயே வெச்சிருந்தாங்க" என்றார். "இப்போ என்னா பண்றதுன்னு தெரியல. வூட்ல வெச்சுக்கவும் முடியல, யாருக்கும் குடுக்கவும் மனசு வரல. உங்களுக்கே அனுப்பிடட்டுங்களா?"

அனுப்புங்கள் என்று விலாசம் சொன்னேன். ஒரு வாரத்தில் பள்ளிக்கே வந்தது. கடைசிப் பத்துப் பக்கமும் ஒரு தடவைக்கு மேல் புரட்டாதது போல வெள்ளையாக இருந்தன. அதற்கு முந்தைய பக்கங்கள் எல்லாம் கைபட்டு மெலிந்து, ஓரம் கறுத்திருந்தன. ஐஸ் கட்டி வரும் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தார்கள். அதை என் மேசை இழுப்பறையில், பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். டீச்சரிடம் காட்டவில்லை.